நாலு பாத்தி

பூம்பாறைக்கு மேலே, கொடைக்கானல் சாலை வளைவில்
சிக்னல் இரண்டு கோடு நிற்கும்.
கார்க்காரர்கள் அங்கேதான் இறங்கி
எங்கள் அடுக்கு வயல்களைப் படம் பிடிப்பார்கள்.
எத்தனை ஊர்க்காரர் போனில்
காதில் கைவைத்த பெண்ணாக
ஓரத்தில் நிற்கிறேனோ,
தெரியாது.

தை இருபது என்றுதான் சொல்லியிருந்தான்.
ஜெய்சல்மேரில் ஏறி, ஜோத்பூரில் மாறி,
சென்னையில் ஒரு பகல் பிளாட்பாரத்தில் கிடந்து,
கொடை ரோட்டில் விடிகாலை இறங்கி,
வத்தலக்குண்டில் பஸ் பிடித்து...
நான் போகாத ஊர்களும்
எனக்கு வரிசையாய் மனப்பாடம்.
பிறகு ஒரு வரி வந்தது:
மறு உத்தரவு வரும்வரை
யாருக்கும் லீவு இல்லை.
ஏன் என்று அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை. டிவியைப் போட்டால்
தேவைக்கு அதிகமாகவே சொல்கிறார்கள்.
அணைத்துவிட்டேன்.

பெட்டியைக் கட்டிப் பூட்டிவிட்டானாம்.
மறுபடி பிரித்து அடுக்க மனசு வரவில்லை.
குளிக்கப் போகும்போது பூட்டைத் திறந்து
சோப்பை மட்டும் எடுக்கிறான்.
குளித்ததும் துடைத்து, உள்ளே வைத்துப் பூட்டுகிறான்.
"இருபத்திரண்டு நாளா இதே வேலை" என்று சிரித்தான்.
தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் என்பதை
பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

பாலைவனம் என்றதும் ஊரில் எல்லோரும்
"குழந்தைவேலு வெயிலு எப்படித் தாங்குறான்?" என்கிறார்கள்.
மார்கழியில் அவன் கேட்டது
ஒரு குரங்குக் குல்லாயும், முழங்கால் வரை காலுறையும்.
ராத்திரி டியூட்டியில்
துப்பாக்கி இரும்பு குளிரில் சுடுமாம்.
அதே ராத்திரி இங்கே
பூண்டுத் தாளெல்லாம் வெள்ளையாய் விறைத்து நின்றது.
"அங்கேயும் உறைபனியா?" என்றான்,
என்னவோ சொந்தக்காரரை விசாரிப்பதுபோல.

பூண்டு யார் உத்தரவுக்கும் நிற்காது.
தாள் பழுத்துச் சாய்ந்தால் எடுத்துவிட வேண்டும்.
மாசி பிறந்ததும் சின்னக்காளை அண்ணனையும்
இன்னும் இரண்டு பேரையும் கூலிக்கு வைத்து எடுத்தேன்.
ஓடை ஓரத்து நாலு பாத்தியை மட்டும் விட்டேன்.
"இது எதுக்கும்மா?" என்றார்.
"இருக்கட்டும்."
வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
வயலில் இறங்குகிறவன்.
பிடுங்க ஏதாவது இருக்க வேண்டாமா?

நிதர்ஷன் முதல் வகுப்பு. கணக்கில் கெட்டி.
"அப்பா வர எத்தனை நாள்?" என்று கேட்பதை விட்டுவிட்டு
"எத்தனை நாளா வரலை?" என்று கேட்கிறான்.
அதற்கு விடை உண்டு. சொல்லிவிடுகிறேன்.

நேற்று வளைவில் மூடுபனி.
என் கையே எனக்குத் தெரியவில்லை.
அவனுக்கு அங்கே மணல்காற்று;
துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பேசினான்.
"என்ன தெரியுது?"
"ஒண்ணும் தெரியலை. உங்களுக்கு?"
"ஒண்ணும் தெரியலை."
கொஞ்ச நேரம் இருவரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு,
"நாலு பாத்தி இன்னும் கெடக்காமே,
சின்னக்காளை அண்ணன் சொன்னாரு.
எடுத்துடு. வெடிச்சுப் போகும்."
அந்தச் சொல்லுக்குப் பிறகு
லைன் கரகரத்தது, அல்லது
அவன் தொண்டையைச் செருமினான்.

இன்று இறங்கினேன்.
மூன்று பாத்தி தப்பித்தது.
நாலாவதில் தோல் கிழிந்து
பல் பல்லாய்ப் பிரிந்து, சிலதில்
பச்சை முளை வெளியே வந்திருந்தது.
விலைக்கு ஆகாது.
விதைக்கு ஆகுமா, கேட்க வேண்டும்.

சாயங்காலம் எவ்வளவு தேய்த்தும்
கையில் பூண்டு வாடை போகவில்லை.
அலமாரியில், அவன் லீவுக்கென்று
தையில் வாங்கிவைத்த சந்தன சோப்பு
காகிதம் பிரிக்காமல் இருந்தது.
பிரித்தேன்.
ஒரே ஒரு தடவை.
துடைத்து, ஈரம் போக ஆறவைத்து,
மறுபடி அந்தக் காகிதத்திலேயே
மடித்து வைத்தேன்.